நீலப் படகும் இறங்க மறுத்த மாதாவும்

பிள்ளைகளே, நீலப் படகை ஏன் விற்றீர்கள் என்று கேட்டு சின்னவள் இன்னும் என்னோடு முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிறாள். அவளுக்காகவே இதை எழுதுகிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. எழுத்துப் பிழை இருந்தால் பெரியவன் திருத்தட்டும். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

நீலப் படகு நல்ல படகு. நீங்கள் எல்லோரும் முதன்முதலாகக் கடலைப் பார்த்து வாந்தி எடுத்தது அதில்தான். ஆனால் சின்னது. காற்று கொஞ்சம் எழும்பினாலும் முகத்துவாரத்தைத் தாண்ட அதைக் கெஞ்ச வேண்டும். அதனால் நீர்கொழும்பில் ஒரு பெரிய வெள்ளைப் படகைப் பேசி வைத்தேன். நீலத்தை வாங்க, பேலியகொடையில் மீன் வியாபாரம் செய்யும் முஸ்லிம் ஆள் ஒருவர் வந்தார். நாங்கள் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம்.

நானா படகைத் தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், பிடித்துப்போனது. கடைசியில் படகின் மூக்குப் பக்கம் இருக்கிற முன் தட்டைப் பார்த்தார். அங்கே மாதா சுரூபம், அதாவது மாதாவின் சிலை, நின்றது.

“எல்லாம் சரி அண்ணே. இந்த அம்மாவ மட்டும் நீங்க கூட்டிட்டுப் போங்க. எங்கட போட்ல நிண்டா எங்களுக்கும் சரியில்ல, அவங்களுக்கும் சரியில்ல.”

“அதுக்கென்ன நானா, கழட்டித் தாறன்” என்றேன், ஏதோ சுவரில் கலண்டர் கழட்டுகிற மாதிரி.

வீட்டுக்கு வந்தால் உங்கள் அம்மா வேறு கதை சொன்னாள்.

“மாதா வராம புது போட்ட மந்திரிக்க ஃபாதரக் கூப்பிட மாட்டன். மந்திரிக்காத போட்ல நீங்க ஏறவும் மாட்டீங்க.”

அது உண்மைதான். ஃபாதர் வந்து தண்ணீர் தெளிக்காமல் எங்கள் ஆட்கள் படகைக் கடலில் இறக்குவதில்லை. ஆகவே மாதா இறங்கினால்தான் நீலம் போகும், வெள்ளை ஓடும், வீட்டில் அடுப்பு எரியும்.

ஆனால் மாதா இறங்கவில்லை. அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. முதலில் வைத்த சுரூபம் ஒரு பெரிய அலையோடு கடலுக்குள் போய்விட்டது. அன்று அம்மா என்னையும் பின்னால் தள்ளிவிடாத குறை. இரண்டாவது சுரூபத்தை வைத்தபோது, ஃபைபர் படகு ஒட்டுகிற ரெசினை ஒரு டின் முழுக்க ஊற்றினேன்.

“இனி போட் கவிண்டாலும் மாதா அசைய மாட்டா” என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

“போட் கவிண்ட பிறகு அவ அசையாம நிண்டு என்ன செய்யிறது?” என்றாள் அம்மா.

இப்போது அந்த ரெசின் கல்லாக இருந்தது. சுடுதண்ணீர் ஊற்றினேன். மண்ணெண்ணெய் ஊற்றினேன். அம்மாவின் மீன் வெட்டுகிற கத்தியை உள்ளே விட்டேன், கத்தி உடைந்தது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவன் ஒருவன் கத்தினான்:

“அண்ணே, மாதாவுக்கு வர விருப்பமில்லப் போல! நானாவையே மாதா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க!”

கடைசியில் படகு திருத்துகிற பாஸைக் கூப்பிட்டேன்; கைவேலைக்காரரை இங்கே அப்படித்தான் சொல்வோம். சிங்களவர், எங்களோடு பழகித் தமிழ் கதைப்பார், ஆனால் அண்ணே என்பதை மட்டும் ‘அய்யே’ என்று சிங்களத்திலேயே சொல்வார். குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

“அய்யே, இத ஒட்டினது யாரு?”

“நான்தான்.”

“போட்டையும் நீங்களே கட்டியிருக்கலாம். உடையவே உடையாது.”

சுரூபத்தைச் சுற்றித் தட்டை வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை என்றார். கிரைண்டர் சத்தம் கேட்டதும் நான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் பல்லைக் கழற்றுகிற மாதிரி இருந்தது. அம்மா மட்டும் பக்கத்தில் நின்று, “மெதுவா, மெதுவா, அவவின்ர காலில படப்போகுது” என்று பாஸின் உயிரை எடுத்தாள்.

திரும்பிப் பார்த்தபோது மாதா ஒரு துண்டு நீலப் படகின் மேல் நின்றபடி பாஸின் கையில் இருந்தார். நானாவுக்குப் போன் எடுத்தேன்.

“நானா, மாதா இறங்கிட்டா. ஆனா கொஞ்சம் போட்டும் கூட வந்திட்டுது.”

“கொஞ்சம் எண்டா?”

“ஒரு சாப்பாட்டுப் பீங்கான் அளவு.”

வியாபாரம் போச்சு என்று நினைத்தேன். பிறகு நானா சிரிக்கத் தொடங்கினார். நிறுத்தவே முடியவில்லை.

“அல்லாஹ்வே! பாஸக் கொண்டு அடைச்சுத் தாங்க அண்ணே. ஆனா நீங்க ஒட்ட வாணாம்!”

வெள்ளைப் படகை மந்திரிக்க வந்த ஃபாதர், தண்ணீர் தெளித்த கையோடு முன் தட்டை உற்றுப் பார்த்தார்.

“வெள்ள போட்ல இதென்ன நீலம்?”

“அது மாதாவின்ர பழைய வீட்டு வாசல்படி, ஃபாதர்” என்றாள் அம்மா.

சின்னவளே, நீலப் படகை நான் முழுதாக விற்கவில்லை. ஒரு பீங்கான் அளவு மிச்சம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கரைக்கு வா, காட்டுகிறேன். இந்த முறை ரெசின் இல்லை, நட்டுப் போட்டுத்தான் பூட்டியிருக்கிறது. ஸ்பானர் அம்மாவின் ஹேண்ட்பாக்கில் இருக்கிறது. கேட்டால் தரமாட்டாள்.