ஏறி நில்லுங்கள்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் நான் மருந்து வாங்கும் கடை வாசலில் பேசும் எடை இயந்திரம் ஒன்று இருக்கிறது. ஏறி நின்றால் உயரத்தையும் எடையையும் அளந்து, பிஎம்ஐ சரியா இல்லையா என்று ஒரு பெண் குரல் மலாயில் சொல்லும். அங்கேதான் ஒருவரை அடிக்கடி பார்ப்பேன். அவர் சட்டைக்குள் இன்னொருவருக்கும் இடம் இருந்தது. பெல்ட்டில் ஆணியால் குத்திய புதுத் துளைகள். மிஞ்சிய வார் முதுகு வரை சுற்றிப் போயிருந்தது. ஏறுமுன் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஜோடியாக வைப்பார், கோயிலுக்குள் போகிறவர் மாதிரி.

ஒரு நாள் காலை இயந்திரம் அவருக்கு "நார்மல்" என்றது.

"நல்லா எளச்சிட்டீங்கண்ணே, என்ன டயட்?" என்று சிரித்தபடி கேட்டேன்.

"டயட் ஒண்ணுமில்ல தம்பி. அதே நாசி கண்டார் சோறுதான். தானா போகுது. எங்க போகுதுன்னு பார்க்கத்தான் இங்க வர்றேன்."

என் சிரிப்பு நின்றுவிட்டது. "சும்மா எளைக்கக் கூடாதுண்ணே. கிளினிக்ல காட்டுங்க."

"குண்டா இருந்தப்ப எல்லாரும் கிளினிக் போ, போன்னாங்க. இப்ப நீங்க ஒருத்தர்தான் சொல்றீங்க. மத்தவங்க பாராட்டிக் கை குடுக்குறாங்க லா."

அடுத்த வாரம் போனபோதும் அவர் அதன் மேல் நின்றிருந்தார். இயந்திரம் எடை சொல்லவில்லை. "தயவுசெய்து ஏறி நில்லுங்கள்" என்றது. அவர் அசையவில்லை. மறுபடியும் அதே இனிமையான குரல்: "தயவுசெய்து ஏறி நில்லுங்கள்."

அவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"தம்பி, நான் நிக்கிறேன்தானே?"

என் கண்ணெதிரே, பட்டப்பகலில் நின்றார். ஆனாலும் "நிக்கிறீங்கண்ணே" என்று சொல்ல எனக்கு ஏன் அவ்வளவு நேரம் பிடித்தது என்பது இன்னும் விளங்கவில்லை.