நாலாம் லைன் தனக்கோடி

காலை ஒன்பது மணிக்கு மெஷின்கள் ஓடத் தொடங்கியதும் தனக்கோடி கண்ணை மூடிக்கொள்கிறாள். பெங்களூரில், யஷ்வந்த்பூர் பக்கம் ஒரு சட்டைக் கம்பெனியில் நாலாம் லைனுக்கு அவள் சூப்பர்வைசர். முப்பத்திரண்டு பெண்கள், முப்பத்திரண்டு தையல் மெஷின்கள். தகரக் கூரையில் மழை பிடித்த மாதிரி அந்தச் சத்தம் எழும்பும். ஜன்னல் வெயிலில் பஞ்சுத்தூசி அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருக்கும். நடுவில் அவள், தூக்கத்தில் நடப்பவளைப்போல, லைன் நெடுக நடப்பாள்.

"அக்கா கனவு காணக் கிளம்பிட்டாங்க டீ" என்று பெண்கள் கேலி செய்வார்கள். கண்தான் சொக்கும், காது விழித்தே இருக்கும். "வீணா, வூட்ல சண்டையா? மெஷினப் போட்டு ஏன் இந்த மிதி மிதிக்கிற?" என்பாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். மற்ற லைன்களில் தொண்டை கிழியக் கத்துவார்கள், இவள் கத்தியதில்லை. ஸ்ரீராம்புரத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறவளுக்குக் கத்தத் தெம்பு ஏது என்று அதற்கொரு சாக்கு வேறு வைத்திருக்கிறாள்.

அப்படிப்பட்டவளை அவளுடைய லைனே நம்புவதில்லை.

தப்பு அவளுடையதுதான். மூன்று வருஷத்துக்கு முன் ஜூலியா என்றொருத்தி காலர் தைத்தாள். காலர் முனையை எல்லோரும் ஊசியால் நோண்டி வெளியே எடுக்கையில், அவள் முனைக்குள் ஒரு நூலை வைத்துத் தைத்து, ஒரே இழுப்பில் எடுத்துவிடுவாள். தனக்கோடிக்குப் பெருமை தாங்கவில்லை. மீட்டிங்கில் சொல்லிவிட்டாள். கைதட்டினார்கள். அடுத்த திங்கட்கிழமை டார்கெட் மணிக்கு ஐம்பதிலிருந்து அறுபத்தைந்தாக ஏறியது. ஜூலியாவாலேயே தாக்குப்பிடிக்க முடியவில்லை. மணிக்கட்டு வீங்கி வேலையை விட்டுப் போகிற அன்று, "உன்ன நம்பித்தானக்கா காட்டுனேன்" என்றாள். அதன்பிறகு யாரும் தனக்கோடிக்கு எதையும் காட்டுவதில்லை.

இப்போது மமதா. பாக்கெட் வைக்கிறவள். ஒவ்வொரு சட்டையிலும் பாக்கெட் வரும் இடத்தைச் சாக்பீஸால் குறித்த பிறகே தைக்க வேண்டும். மமதா பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டி மெஷின்மேல் ஒட்டியிருக்கிறாள். துணி அதில் முட்டிச் சரியான இடத்தில் நின்றுவிடும், குறியே வேண்டாம். தனக்கோடி நெருங்கினால் ஃபிலிம்மேல் ஒரு வெட்டுத்துணி விழும், சாக்பீஸ் கைக்கு வரும்.

"என்ன மமதா?"

"ஏனும் இல்லக்கா, ஒண்ணுமில்ல, சும்மா."

தான் பக்கத்தில் போகப் போக அந்த ஒரு மெஷின் மட்டும் சுணங்குவது தனக்கோடிக்குக் கேட்கும். மழைக்கு நடுவே ஒரு ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். அது அவளுக்கு வலிக்கிறது, நிஜமாகவே வலிக்கிறது.

போன வாரம், புதிதாக வந்த மேனேஜர் ஸ்ரீகண்டன் ஒரு ஸ்டாப்வாட்சை அவளிடம் நீட்டினார். "ஒரு பீஸுக்கு ஒவ்வொருத்தரும் எவ்ளோ நேரம் எடுக்கறாங்கன்னு அவங்களுக்குத் தெரியாமப் பாத்து எழுதுங்கம்மா. புது டார்கெட் போடணும்."

"அவங்களையே கேட்டுப் போடலாமே சார்?"

"கேட்டா உண்மையச் சொல்வாங்களா?"

தனக்கோடி வாட்சை வாங்கிக்கொண்டாள். நேரே மமதாவிடம் போனாள். வழக்கம்போல வெட்டுத்துணி விழுந்தது. அன்று அவள் கண் நன்றாகத் திறந்திருந்தது.

"ஒரு பீஸுக்கு எவ்ளோ நேரம் ஆவுதுன்னு நீயே பாத்துச் சொல்லு. நீ சொல்றதத்தான் எழுதுவேன்" என்று சொல்லி, மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்க, ஸ்டாப்வாட்சின் கயிற்றை மமதாவின் கழுத்தில் மாட்டி, கயிற்றுக்குள் சிக்கிய பின்னலை வெளியே எடுத்துவிட்டாள்.