பேனரைப் பிடித்து வைத்திருந்தது யார்?

போன வருஷம் சாரல் நேரம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில், மேலகரத்தில் நான் வேலை பார்க்கும் பேனர் கடையில் நடந்தது இது. பிள்ளைகளே, நீங்கள் சிரிக்கலாம். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

பணி ஓய்வு பெறும் போலீஸ்காரர் ஒருவருக்கு அன்று சாயங்காலம் பாராட்டு விழா. அவசரத்தில் ஒரு பழைய இரங்கல் பேனரை எடுத்து, போட்டோவையும் பெயரையும் மட்டும் மாற்றினேன். கடை வாசலில் ரோட்டைப் பார்த்து, என் கம்ப்யூட்டரோடு இணைத்த ஒரு டிவி உண்டு. பளிச்சென்று இருக்கிறதா என்று அறிய, அதில் படத்தைப் போட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தேன். மீசை நன்றாகத் தெரிந்தது. திருப்தியாக டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோதுதான், மீசைக்கு மேலே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று இருப்பது கண்ணில் பட்டது.

அவர் வருவதற்குள் மாற்ற வேண்டும். எழுத்தைத் திருத்திவிட்டேன், ஆனால் சேமிக்க முடியவில்லை. வேறொரு புரோகிராம் இந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறது என்றது கம்ப்யூட்டர். எது என்று சொல்லவில்லை. வேறு பெயரில் சேமித்தால், பழையதே அச்சுக்குப் போய்விடுமோ என்று பயம்.

கடையில் ஒருவர் ஃபைலை இன்னொருவர் கம்ப்யூட்டரிலும் திறக்கலாம். பக்கத்தில் டிசைன் செய்யும் பெண்தான் அவள் கம்ப்யூட்டரில் திறந்திருப்பாள் என்று சத்தம் போட்டேன்.

“நான் கல்யாணப் பத்திரிகைல கெடக்கேன். ஒங்க பேனரை நான் எதுக்குப் பிடிச்சு வைக்கப் போறேன் அண்ணாச்சி?” என்றாள்.

நம்பாமல் அவள் கம்ப்யூட்டரை அணைத்தேன். பாதி முடித்த பத்திரிகை போயிற்று. என் ஃபைல் அப்போதும் அசையவில்லை.

அவள் எழுந்து வந்து, என் கம்ப்யூட்டரில் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்தாள். அதில் தேடும் கட்டத்தில் ஃபைலின் பெயரை அடித்தால், அதைப் பிடித்திருக்கும் புரோகிராம் எது என்று காட்டிவிடும். காட்டியது. படம் காட்டும் புரோகிராம். நான் டிவியில் போட்டுவிட்டு மறந்தது.

வாசலை எட்டிப் பார்த்தேன். அந்தப் போலீஸ்காரர் குடையோடு நின்று, தன் அஞ்சலியை வாசித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே வந்தார். “ரிட்டையர்தான ஆவுதேன். அதுக்குள்ள என்னைய அனுப்பியே வச்சிட்டியளா? யார் பாத்த வேல இது?”

அவள் என்னைப் பார்த்தாள்.

“நான்தான் சார். இவங்க மேல பழி போட்டதும் நான்தான்.”

அவர் குடையை மடக்கினார். “என் சர்வீஸ்ல, கேட்ட ஒடனே ஒத்துக்கிட்டவன் நீ ஒருத்தன்தாம்லே” என்று சொல்லிவிட்டு, திருத்தி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு அந்தக் கல்யாணப் பத்திரிகை முழுவதையும் நானே அடித்துக் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனாலும், என் பிள்ளைகளைச் சத்தம் போடுவதற்கு முன் நான் கடைசியாக அதை எங்கே வைத்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன்; பாதி நாள் சத்தம் போட வேண்டிய அவசியமே வருவதில்லை.