நூத்தி எண்பத்தாறு தலை

எலியா கோயில்பிள்ளை ரெண்டு கோழி வாங்கிட்டு தமிழை மலையாளத்துக்காரனுக்கு வித்துப்போட்டாராம். பாறசாலை சந்தையில ஒரு மீன்காரி சொன்ன பேச்சு. அது குன்னத்துகால் போய்ச் சேரும்போ கோழி ரெண்டும் ஆடாயிட்டு. இன்னும் ரெண்டு மைல் நடந்திருந்தா பசுவும் கண்ணுமா ஆயிருக்கும். நானும் நாலு பேருட்ட சொன்னேன், இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா உள்ளது என்னன்னு எனக்குத் தெரியும். அண்ணைக்கு சினிமாக் கொட்டகையில அவருக்க பக்கத்துல, தரை டிக்கட்டுல இருந்தவன் நானாக்கும்.

மிசன் கோயில்ல மணியடிக்கணும், தூத்து வாரணும், ஞாயித்துக்கிழமை சபைக்கு எத்தன பேரு வந்தாங்கன்னு எண்ணி போதகர் ஐயாட்ட சொல்லணும். அதாக்கும் கோயில்பிள்ளைக்க வேலை. எலியா விரல் மடக்கமாட்டாரு. வாசல்ல நின்னு ஒரு பார்வை, உதடு ரெண்டு துடிப்பு, தீந்துது. ஒருக்கா கமிட்டிக்காரங்க சந்தேகப்பட்டு மறுபடி எண்ணினாங்க. ஒண்ணு குறைஞ்சுது. தேடினா, தூணுக்குப் பின்னால ஒருத்தன் ஒறங்கிட்டு இருக்கான்.

சனிக்கிழமை மத்தியானம், கோயில் விளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்கப் போறேன்னு போத்தலும் கொண்டு இறங்குவாரு. எண்ணெய்க் கடை வடக்க. அவரு தெக்க போவாரு. தெக்க கொட்டகை, பகல் ஆட்டம். மிசன்ல சினிமா பாக்கியது பாவம், அதனால தோள்துண்டு துவர்த்தைத் தலையில போட்டு முகத்தை மறைச்சு, மூங்கில் தூணோட ஒட்டி இருப்பாரு.

கூட்டத்தைப் பாத்து படம் ஓடும்னு சொல்லுறவனைக் கண்டா அவருக்கு வெப்ராளமும் கோவமும் வரும். "வாறது கணக்கில்ல மக்கா, இருக்கியதாக்கும் கணக்கு. பாட்டு பாடும்போ சபையும் நெறஞ்சுதான் இருக்கும். காணிக்கைப் பை வாறப்ப எண்ணிப் பாரு." அதனால படம் முடியும்போ உள்ள தலைக் கணக்குதான் அவருக்கு வேதம். நோட்டீசுல நூறாவது நாள்னு கண்டா, "ஒட்டுனவனுக்குப் பசை மிச்சம்"னு போயிருவாரு. அவருக்க சட்டம் வேற. "நாலு வாள் சண்டைன்னா ரெண்டு வாரம் ஓடும். அம்மை அழுதா நாலு வாரம். அம்மை அழும்போ மவன் வாளெடுத்தா, குழித்துறையில இருந்து வண்டி கட்டி வருவான்."

பெரிய படத்துக்கு முந்தி பத்து நிமிசம் வெள்ளக்காரன் வரைஞ்ச பொம்மைப் படம் ஒண்ணு ஓடும். ஒரு தடிக்கரடி மரத்துல இருந்து விழும், தோசை மாதிரி பரந்துபோவும், எந்திரிச்சு ஓடும். அது தொடங்கினா எலியா துவர்த்தை எடுத்துருவாரு. எவன் கண்டாலும் காணட்டும். "கரடிக்கு சம்பளம் இல்ல, வயசாவாது, வசனம் மறக்காது. அது ஒருக்கா சாடிக் குதிக்கணும்னா எத்தன படம் வரையணும் தெரியுமாலே?" பழைய சபைக் கணக்குப் புத்தகத்துக்க மூலையில அவரே ஒரு தவளை வரைஞ்சு வச்சிருக்காரு. தாளை விரலால சர்ருன்னு விட்டா சாடும். நாப்பத்தொம்பதாம் வருசம் பூரா தவளையாக்கும்.

இப்ப எல்லைச் சமரம், போராட்டம் நடக்குதில்லியா? நெய்யாற்றங்கரை சென்னையோட சேரணும்னு நம்ம ஆளுவ, விடமாட்டோம்னு மலையாளத்துக்காரங்க. நம்ம பக்கத்துக்கு இஞ்ச தலைவர் ஜவுளிக்கடை சிவதாணு பிள்ளை. அவருக்கு ஒரு யோசனை வந்துது.

"ஓய் எலியா, தமிழ்ப் படத்துக்கு எத்தன ஆளு, மலையாளப் படத்துக்கு எத்தன ஆளுன்னு எல்லை பிரிக்க வாற கமிசனுக்கு மனுவுல வச்சா, ஊரு யாருக்குள்ளதுன்னு தெரிஞ்சுபோவும். நீரு எண்ணி கையொப்புப் போட்டுத் தாரும். உமக்க எண்ணிக்கையை எதிராளியும் நம்புவான்."

ஒப்புப் போட்டா கொட்டகைக்குப் போற விசயம் கோயிலுக்குத் தெரிஞ்சுரும். வேலை போவும், கோயில் வளப்புல அவங்க தந்த வீடும் போவும். ஆனா எலியாவும் கொடி பிடிச்சு ஊர்வலம் போனவருதான். சரின்னாரு.

மலையாளப் படம் முந்தின சனிக்கிழமை. கடைசி வரை இருந்தது இருநூத்தி நாப்பது. மறு சனிக்கிழமை தமிழ்ப் படம். கரடி விழும்போ நானூத்திப் பன்னெண்டு தலை. எனக்குப் பின்னால ஒருத்தன் மலையாளத்துல "எந்தம்மோ!"ன்னு சிரிக்கான், முன்னால ஒருத்தன் தமிழ்ல "எக்கம்மோ!"ன்னு சிரிக்கான். பிறவு தமிழ்ப் படம் தொடங்கிச்சு. ராசா மரத்தடியில நின்னு வசனம் பேசினாரு. பேசினாரு. மரம் இலை உதுத்துது, அவரு நிறுத்தல்ல. சனம் "கொள்ளூல்ல, கொள்ளூல்ல"ன்னு முனங்கிட்டு ஒவ்வொண்ணா எந்திரிச்சுப் போச்சுது. கடைசியில எலியாவுக்க உதடு துடிச்சுது. நூத்தி எண்பத்தாறு.

எலியா ஒப்புப் போட்டுக் கொடுத்த தாளைப் பாத்த சிவதாணு பிள்ளைக்கு வேர்த்துட்டு. "நானூத்திப் பன்னெண்டுன்னு போடும் ஓய்."

"அது கரடிக்கு வந்த ஆளு."

"தமிழ்த்தாய்க்காகப் போடும்."

"பிள்ளைவாள், தமிழ்த்தாயி படம் பாக்க வரல்ல. வந்திருந்தா நூத்தி எண்பத்தேழு போட்டிருப்பேன்."

வீட்டுல பெண்டாட்டி சுகிர்தபாய் விடல்ல. "அந்தப் பிள்ளை தாளைப் போதகருட்ட கொடுத்தா வீடு போவும் மனுசா. ஒரு நம்பரை மாத்தினா கை தேஞ்சுபோவுமா?" அவரு தலையைக் குனிஞ்சு கஞ்சி குடிச்சாரு.

கோழிப் பேச்சு மறுநாளே கிளம்பிட்டு. சிவதாணு பிள்ளை அந்தத் தாளை மனுவுல வைக்கல்ல. நேரா போதகர் ஐயாட்ட கொண்டு கொடுத்தாரு. கமிட்டி கூடிச்சு. ஞாயித்துக்கிழமை சபைக்கு முன்னால நின்னு தப்பைச் சொல்லணும், இனி சினிமாவுக்குப் போவமாட்டேன்னு சொல்லணும். இல்லைன்னா வீட்டுச் சாவியைக் கொடுத்துட்டுப் போவலாம்.

அண்ணைக்கு கோயில் கொள்ளாத கூட்டம். ஈஸ்டருக்கு எட்டிப் பாக்காதவனும் வந்தான். சன்னலுக்கு வெளிய சிவதாணு பிள்ளை, சந்தனப்பொட்டும் குடையுமா. எலியா முன்னால போய் நின்னாரு. முன்வரிசையில சுகிர்தபாய் முந்தானையை வாயில வச்சிருக்கா. போதகர் ஐயா, "சொல்லும்"னாரு. எலியாவுக்க கண்ணு ஒரு ஓட்டம் ஓடிச்சு, உதடு துடிச்சுது.

"ஐந்நூத்தி மூணு, ஐயா."

எவனோ ஒருத்தனுக்குச் சிரிப்பு வெடிச்சுது. போதகர் ஐயா பாட்டுப் புத்தகத்தை எடுத்து முகத்தை மறைச்சாரு. தோள் குலுங்கினதை நான் பாத்தேன். புத்தகத்தை இறக்கினப்ப முகம் கல்லாட்டம் இருந்துது.

"சினிமா பாத்தீரா?"

"பாத்தேன் ஐயா. கர்த்தர் மன்னிக்கட்டும்."

"இனி போவீரா?"

எலியா தோள்ல கிடந்த துவர்த்தை எடுத்துக் கக்கத்துல வச்சாரு. "இப்படிப்பட்ட படத்துக்கு இனி ஒருக்காலும் போவமாட்டேன் ஐயா."

கமிட்டிக்காரங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்க. ஒருத்தர் வாயைத் திறந்தாரு. அதுக்குள்ள போதகர் ஐயா, "போதும், போய் மணியடியும்"னு புத்தகத்தை மூடிட்டாரு. சுகிர்தபாய் முந்தானையை விட்டா.

எலியா மணிக்கயிறைப் பிடிச்சாரு. சன்னல் பக்கமா திரும்பினாரு.

"பிள்ளைவாள், எனக்கு ஒருத்தனும் கோழி தரல்ல. உமக்க ராசா படம் கொள்ளூல்ல."

கயிறை இழுத்தாரு.