குடிபாலாவிலிருந்து அண்ணனின் வண்டி

காலை ஏழு மணிக்குக் குடிபாலாவில் கிளம்பினேன். வேலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த எனக்கு இட்லி வைத்துவிட்டு, அண்ணி வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் அண்ணனுடைய மோட்டார் சைக்கிள் அது. உதைத்துக் கிளப்பும் பழைய வகை. அவருக்கு ஒரே உதையில் கிளம்பும். மாரடைப்பில் அவர் போய் இரண்டு வருடமாகிறது; அதன் பிறகு வண்டி யாருக்கும் அடங்கவில்லை. கிளம்பும், கொஞ்ச தூரம் ஓடும், நின்றுவிடும். சித்தூர் மெக்கானிக்குகள் ஆளுக்கொரு சாமானை மாற்றிப் பார்த்துக் கைவிட்டார்கள்.

திருப்பதியில் ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்க்கும் அண்ணன் மகள் தேவி, தன் நைனாவின் வண்டிதான் வேண்டும் என்று வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணிக்கு மனசில்லை. இப்போதுதான் இறங்கி வந்தார், அதுவும் ஒரு நிபந்தனையோடு.

"வழியில நின்னே போச்சுன்னா திரும்ப எடுத்துக்கினு வந்துடு தம்பி. அவருக்கு இஷ்டம் இல்லன்னு அர்த்தம். அப்புறம் பாப்பாவும் கேக்கக் கூடாது, நீயும் கேக்கக் கூடாது."

சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமைதோறும் செய்வதுபோல, பெட்ரோல் டேங்க் மூடியின் நடுவில் சந்தனம் அப்பிக் குங்குமம் இட்டார். அண்ணன் போன பிறகு அவர் ஏற்படுத்திக்கொண்ட வழக்கம் இது.

எட்டு மணிக்குச் சித்தூரைத் தாண்டினேன். அங்கிருந்து திருப்பதி சுமார் எழுபது கிலோமீட்டர். இருபுறமும் மாந்தோப்புகள், நடுநடுவே கரும்பு. காணிப்பாக்கம் பிரியும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி இருமியது, நின்றது. பிளக்கைக் கழற்றி எஞ்சினில் ஒட்டவைத்து உதைத்துப் பார்த்தேன். நீலமாகப் பொறி வந்தது. துடைத்து மாட்டி, சோக்கை இழுத்துக் கால் வலிக்க உதைத்தும் பலனில்லை. கடையில் பதினைந்து ரூபாய்க்கு டீ குடித்து, பிள்ளையாரைப் பார்க்கப் போகும் ஆட்டோக்களை வேடிக்கை பார்த்துவிட்டு வந்து உதைத்தால் கிளம்பிவிட்டது. பிளக்கைத் துடைத்த என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன். நிற்பது வேறு, நின்றே போவது வேறு என்றும் எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

பூதலப்பட்டைத் தாண்டியதும் மறுபடி நின்றது. இந்தத் தடவை பெட்ரோல் டியூபைப் பிடுங்கிப் பார்த்தேன். நாலைந்து சொட்டு விழுந்து நின்றது. டேங்கை ஆட்டினால் உள்ளே பெட்ரோல் அலம்புகிறது. டியூபை வாயால் ஊதினேன், குழாயைத் திருகினேன், முழங்கால் விட்டுப்போகும் வரை உதைத்தேன். வெயில் ஏறிவிட்டது. எனக்குக் கோபம் வண்டிமேல் வரவில்லை, செத்தவர்மேல் வந்தது. பெற்ற பெண் ஆசையாகக் கேட்கிறாளே, விட்டுக்கொடுத்தால்தான் என்ன என்று நடுரோட்டில் சத்தமாகவே அண்ணனிடம் கேட்டேன்.

பத்தரை மணிக்கு, திருப்பதியில் தக்காளி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய ஒரு மினி வேன் நின்றது. ஓட்டுநர் சித்தூர் தாண்டித்தான் போவதாகவும், வண்டியைக் குடிபாலாவில் இறக்கிவிடுவதாகவும் சொன்னார். சரி என்றேன். தேவிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவள் அழுதிருந்தால் தேவலை. "பரவால்ல சித்தப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"பெட்ரோல் எவ்ளோ கீதுன்னு மூடியத் தெறந்து பாரு அண்ணா," என்றார் ஓட்டுநர். "நெறைய இருந்தா படுக்கவெச்சா ஊத்திக்கும்."

மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டது.

டேங்கில் பாதிக்குமேல் பெட்ரோல் இருந்தது. வேனில் ஏற்றும்முன் மனசு கேட்காமல் கடைசியாக உதைத்துப் பார்த்தேன். மூன்றாவது உதையில் கிளம்பி, நிற்காமல் ஓடியது. ஓட்டுநரும் நானும் மூடியைத்தான் பார்த்தோம். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் வராது. காற்றுப் போக எதிர்ப்பக்கம் இன்னொன்று வேண்டும். டேங்க் மூடியில் அதற்காகவே ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. அந்தத் துளை இருந்த இடம் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக வைத்த சந்தனம் கல்லாக இறுகியிருந்தது.

வேலமுள் ஒன்றை ஒடித்துச் சுரண்டினேன். அண்ணி கையால் வைத்ததாயிற்றே. உதிர்ந்ததை ரோட்டில் போட மனசு வராமல் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். ஓட்டுநர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

சந்திரகிரிக் கோட்டை மலை வந்தது, போனது. ஏழுமலை நீளமாகத் தெரியத் தொடங்கியது. பகல் ஒரு மணிக்குத் தேவி தங்கியிருக்கும் விடுதி வாசலில் இறங்கினேன். அவள் சீட்டைத் தடவிப் பார்த்தாள். ஏறி உட்கார்ந்து ஒரு உதை விட்டாள். உடனே கிளம்பியது. அணைத்துவிட்டு மறுபடி கிளப்பினாள். அவள் அழுதது அப்போதுதான்.

திருப்பதி பஸ் நிலையத்தில் வேலூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அண்ணியைக் கூப்பிட்டேன். எங்கேயும் நிற்கவில்லை என்று சொல்லிவிடத்தான் நினைத்திருந்தேன். குரலைக் கேட்டதும் பொய் வரவில்லை. நின்றது, மூடி, சந்தனம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ அவரு தடுக்கலியா?"

"இல்ல அண்ணி."

பஸ் வந்து நின்று, ஜனம் ஏறத் தொடங்கிவிட்டது.

"பாப்பாவ இனிமே லைட்டு மேல பொட்டு வெக்கச் சொல்லு," என்றார் அண்ணி.