ரெக்கார்டு நோட்டில் அக்கா

சைக்காலஜி படிக்கிறேன் என்று சொன்னால் போதும், எதிரே இருப்பவர் கையைக் கட்டிக்கொண்டு, "அப்ப நான் இப்ப என்ன நெனைக்கறேன்னு சொல்லு பாக்கலாம்" என்று கேட்பார். பஸ் கண்டக்டர் கேட்டிருக்கிறார். பல் டாக்டர் என் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கேட்டிருக்கிறார். எங்கள் பெரியப்பா மட்டும் வேறு மாதிரி. "பைத்தியத்தப் பத்திப் படிக்கறதுக்குக் கோயமுத்தூரு வரைக்கும் போகோணுமா? நம்மூட்டுலயே நாலு பேரு இருக்கறோமே" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அக்காதான் அதிகமாகச் சிரிப்பாள்.

அக்காவுக்கு வாய் நீளம். கல்யாண வீட்டுக்குப் போய்வந்தால், பந்தியில் யார் யாரைப் பார்த்து முகத்தைத் திருப்பினார்கள் என்று ஒன்று விடாமல் நடித்துக் காட்டுவாள். எங்கள் வீட்டில் முகத்தைப் பார்த்தே மனதைச் சொல்லக்கூடியவள் அவள்தான். நியாயமாகப் பார்த்தால் இந்தப் படிப்பை அவள்தான் படித்திருக்க வேண்டும். பி.காம். முடித்த கையோடு அவளை ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடை வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். எனக்கு பி.காமில் இடம் கிடைக்கவில்லை. சைக்காலஜியில் கிடைத்தது. மனித மனத்தை ஆராய நான் கிளம்பிய லட்சணம் இவ்வளவுதான்.

கோவையில் கல்லூரி, ஹாஸ்டல். சனிக்கிழமையானால் சிங்காநல்லூரில் பஸ் ஏறித் தாராபுரத்து வீட்டுக்கு வந்துவிடுவேன்.

எங்கள் லேப்பில் கட்டிலும் இல்லை, கவலையோடு வந்து படுப்பவர்களும் இல்லை. கண்ணாடியைப் பார்த்தபடி, தாளில் அச்சிட்ட நட்சத்திரத்தின் மேல் பென்சிலை ஓட்டுவோம். விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்துவோம். சோதிக்கப்படுகிறவருக்கு 'சப்ஜெக்ட்' என்று பெயர். அவருடைய சொந்தப் பெயரை எழுதக் கூடாது, முதலெழுத்து மட்டும்தான். முடிவை ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

அந்த ரெக்கார்டில் ஒரு வழக்கம் இருந்தது. சீனியர்களின் பழைய நோட்டு கைமாறிக் கைமாறி எங்களிடம் வரும். அதில் முடிவுரை தயாராக இருக்கும்: சப்ஜெக்டின் மதிப்பெண் இயல்பான அளவுக்குள் உள்ளது. நமக்கும் அப்படி வந்தால் பார்த்து எழுதிவிடலாம். மாறி வந்தால் சொந்தமாக இரண்டு பக்கம் யோசித்து எழுத வேண்டும். வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வருகிறவர் அதைத்தான் நோண்டுவார். அதனால் எண் மாறினால் இரண்டு மூன்று விடைகளை நகர்த்தி வைப்போம். 'சரிக்கட்டுவது' என்று அதற்குப் பெயர். எங்கள் வகுப்பில் எல்லோருடைய சப்ஜெக்டும் நார்மல். கோவையிலேயே கவலைப்படுகிற ஆள் ஒருவர்கூட இல்லை.

மனச்சோர்வுக் கேள்வித்தாளைக் கொடுத்த அன்று மட்டும் எங்கள் மேடம் எழுந்து நின்று சொன்னார். "இதுல யாருக்காவது ஸ்கோர் அதிகமா வந்தா, நோட்டுல ஏத்தறதுக்கு முன்னால எங்கிட்ட வந்து சொல்லோணும். மறந்துடாதீங்க." நான் முன் பெஞ்சில் இருந்தேன். காதில் விழவில்லை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

அது இரண்டாம் வருடம். வகுப்புக்கு வெளியே ஒருவரைப் பிடிக்க வேண்டும். அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஆண் குழந்தை, இரண்டு மாதம். தாளையும் பென்சிலையும் நீட்டினேன்.

"உண்மையத்தான் போடோணுமா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா. பேரெல்லாம் போடமாட்டோம். எழுத்து மட்டுந்தான்."

பத்து நிமிட வேலை. அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு கேள்வியில் டிக் போட்டாள், அழித்தாள், வெகுநேரம் வெளியே பார்த்தாள், அழித்த இடத்திலேயே மறுபடியும் போட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தேன். தொட்டிலில் குழந்தை அழுதது. அக்கா எழவில்லை. அம்மாதான் வந்து தூக்கிக்கொண்டு போனாள்.

கூட்டிப் பார்த்தேன். தாளின் அடியில் எண்களை இயல்பு, நடுத்தரம், கடுமை என்று மூன்று வரிசையாகப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். அக்காவின் எண் கடைசி வரிசையில், அதிலும் மேலே இருந்தது. எனக்கு முதலில் வந்தது எரிச்சல். இதை இப்போது வெள்ளிக்கிழமைக்குள் யார் சொந்தமாக எழுதுவது? இந்த வரியை எழுதும்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. ஆனால் வந்தது எரிச்சல்தான். பிள்ளை பெற்றவளுக்குத் தூக்கம் இருக்காது, பசி இருக்காது, இதெல்லாம் சகஜம் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். புதிய தாள் ஒன்றை எடுத்து, அவளுடைய விடைகளில் ஏழை நகர்த்திப் போட்டேன். அசல் தாளை மடித்து நோட்டின் அட்டைக்குள் செருகினேன்.

"என்ன வந்துச்சு?" என்று அக்கா அன்று மாலை கேட்டாள். கேட்கவே மாட்டாள் என்று நினைத்திருந்தேன்.

"நார்மல்தான்க்கா."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்படியா. செரி" என்றாள். அடுப்பில் குக்கர் கத்தியது. எழுந்து போய்விட்டாள்.

இதோடு நின்றிருந்தால்கூட மன்னிப்புக்கு ஒரு இடம் இருந்திருக்கும். ஐந்தாம் மாதம் குழந்தையையும் அவளையும் ஈரோட்டுக்கு அனுப்ப நாள் பார்த்தார்கள். அம்மாவுக்கு மனமே இல்லை. தலை வாருவதில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, பிள்ளை அழுதால் அப்படியே பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று அப்பாவிடம் சொன்னாள். "இன்னொரு ரெண்டு மாசம் நம்மூட்டுலயே இருக்கட்டுங்க. ஒரு டாக்டருகிட்ட வேணாக் காட்டிப்போடலாம்." அப்பா யோசித்தார். சம்பந்தி வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று அவருக்குக் கவலை. என்னைக் கூப்பிட்டார்.

"ஏஞ்சாமி, நீதான் இதப் படிக்கறயே. இவளுக்கு ஏதாச்சும் இருக்குதா? சொல்லு."

வீட்டில் முதல்முறையாக என் படிப்பை மதித்து ஒருவர் கேட்ட கேள்வி அது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டெஸ்டே போட்டுப் பாத்துட்டேனுங்கப்பா. நார்மல்தானுங்க." மேடம் மாதிரி குரலைத் தாழ்த்தி வேறு சொன்னேன். அப்பாவின் முகம் தெளிந்தது. அடுத்த புதன்கிழமை அக்கா காரில் ஏறினாள். ரெக்கார்டுக்கு முழு மதிப்பெண் வந்தது.

எட்டு மாதம் கழித்து, இறுதி வருடத்தில், ஒரு மத்தியானம் அக்காவின் கணவர், மாமாவிடமிருந்து போன். அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், உயிருக்கு ஆபத்து இல்லை, நேரத்தில் பார்த்துவிட்டோம் என்றார். எனக்கு அதற்கு மேல் கேட்கத் தேவைப்படவில்லை. ஹாஸ்டல் அறைக்குப் போய், துணி எடுப்பதற்கு முன்னால், அலமாரியில் அந்த நோட்டைத் தேடினேன். ஈரோடு போய்ச் சேரும்வரை அதை மடியிலேயே வைத்திருந்தேன்.

மனநல டாக்டர் வயதான பெண்மணி. கட்டில் ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு, அக்காவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். தூக்கம் வருகிறதா? எதிலாவது ஆசை இருக்கிறதா? நான் தாளில் நீட்டிய அதே மாதிரிக் கேள்விகள்தான். அக்கா சுவரைப் பார்த்தபடி, "நல்லாத்தானுங்க இருக்கறேன். அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றாள். எல்லாவற்றுக்கும் அதே பதில். டாக்டர் எழுந்துகொள்ளப் போனார்.

நான் அட்டைக்குள்ளிருந்து அசல் தாளை எடுத்துக் கொடுத்தேன். "இது அக்கா போன வருசம் போட்டதுங்க மேடம். நாந்தான் மாத்தி எழுதிப்போட்டேன்." அம்மாவும் அப்பாவும் மாமாவும் அங்கேயேதான் நின்றிருந்தார்கள். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அம்மா மட்டும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "அட கடவுளே" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள். டாக்டர் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பென்சிலில் அழித்து மறுபடி போட்ட டிக் அங்கிருந்தே தெரிந்திருக்க வேண்டும்.

"அப்ப நீ பாத்தயா?" என்றாள்.

தலையை ஆட்டினேன்.

"நீ நார்மல்ன்னயே அம்மணி. அப்ப எல்லாப் பொம்பளைக்கும் இப்படித்தான் இருக்குமாட்ட இருக்குதுன்னு நெனச்சுப்போட்டேன். எல்லாரும் தாங்கிக்கறாங்க, எனக்கு மட்டுந்தான் தாங்கத் தெரியலைன்னு." குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன்.

அந்த டாக்டர் அவளை மீட்டார். மாத்திரை, வாரம் ஒரு முறை பேச்சு, மாமாவின் பொறுமை. அதற்கு ஒன்றரை வருடம் பிடித்தது. இப்போது மறுபடி கல்யாண வீட்டுக்குப் போய்வந்து நடித்துக் காட்டுகிறாள்.

என் வகுப்பில் படித்தவர்கள் எங்கெங்கோ போனார்கள். ஒருத்தி நூற்பாலையில் எச்.ஆர்., ஒருத்தி சிறப்புக் குழந்தைகள் பள்ளியில், ஒருத்தி பேங்க் பரீட்சை எழுதி ஜெயித்தாள், பாதிப் பேருக்குக் கல்யாணம். வெறும் பி.எஸ்ஸி.யை வைத்துக்கொண்டு யாருக்கும் வைத்தியம் பார்க்க முடியாது. நல்லவேளை. நான் விடாமல் மேலே படித்தேன். இப்போது கோவையில் ஒரு பள்ளியில் கவுன்சிலர். பிள்ளைகள் வருகிறார்கள். கதவைச் சாத்திவிட்டு, வீட்டில் ஒருவருக்கும் சொல்லாததை என்னிடம் சொல்கிறார்கள். எந்த எண்ணையும் நான் சரிக்கட்டுவதில்லை. ஒரு தாளைக் கூட்டி முடித்ததும் மறுபடியும் ஒரு தடவை கூட்டுவேன். உடன் வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

மாதம் ஒரு முறை ஈரோட்டுக்குப் போகிறேன். அக்கா எனக்குப் பிடித்ததைச் சமைத்து வைத்திருப்பாள். பையனின் பள்ளிக் கதை, ஓரகத்தி சண்டை, எல்லாம் சொல்வாள். கிளம்பும் நேரத்தில் எப்படியாவது கேட்டுவிடுவேன். "அக்கா, மனசு எப்படி இருக்குது? இந்த வாரம் தூங்கினயா?"

அவள் என் தோளில் கை வைப்பாள். சண்டையோ வருத்தமோ அதில் இருக்காது.

"டாக்டருகிட்டச் சொல்லிட்டேன் கண்ணு. நீ பஸ்ஸப் புடி, நேரமாச்சு."