அவருடைய ‘லேசா’

அறுபதுகளின் நடுவில், நாங்கள் செஞ்சியில் குடியிருந்தபோது நடந்தது இது. கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. என் கணவருக்கு நெல் மண்டியில் எடை போடும் வேலை. மூட்டையில் ஒரு கைப்பிடி குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற மனுஷர், தன் உடம்பு விஷயத்தில் மட்டும் ஒரே ஒரு வார்த்தைதான் வைத்திருந்தார்: ‘லேசா’. நான் அதற்கு நேர் எதிர். எனக்குத் தலைவலி வந்தால் கோட்டை மேல் இருக்கிற குரங்குக்குக்கூடத் தெரிந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்து, ஆசையாகக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நகர்த்தினார்.

“வவுறு லேசா வலிக்குது. வேற ஒன்னும் இல்ல.”

கருவாட்டை அவர் வேண்டாமென்று சொல்லி நான் பார்த்ததே கிடையாது. சண்டை போட்டு, கடைத்தெரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார், தாடையைத் தடவிக்கொண்டார். “காய்ச்சல் இருக்குதுன்னும் சொல்ல முடியல, இல்லன்னும் சொல்ல முடியல. வயிறும் கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்குது. குடல்வால் வீக்கம்னா இப்பவே விழுப்புரம் போயி ஆபரேஷன் பண்ணணும். வெறும் வாய்வுன்னா எதுக்கு வீணா கத்தி வைக்கணும்? வலி எவ்ளோ இருக்குது?”

“லேசாதாங்க” என்றார் இவர்.

“உசிரு போற வலி டாக்டர்!” என்றேன் நான்.

டாக்டர் சிரித்துவிட்டார். போன மாதம் என் காலில் முள் குத்தியபோதும் நான் அவரிடம் இதையேதான் சொல்லியிருந்தேன்.

“அம்மா, லேசாங்கிறது ஆளுக்கு ஆளு வேற. இவரு லேசான்னா அது எவ்ளோ? அத மட்டும் சொல்லுங்க.”

இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. யோசித்து, மெதுவாகத்தான் சொன்னேன்.

“மண்டியில எடைக்கல்லு கால்ல விழுந்து நகம் பேந்து வந்தாரு டாக்டர். அன்னிக்கும் லேசான்னுதான் சொன்னாரு. ஆனா சோறு ரெண்டாவது தடவ கேட்டு வாங்கி சாப்ட்டாரு. இன்னிக்கு கருவாடே வேணாம்னுட்டாரு.”

இந்தத் தடவை டாக்டர் சிரிக்கவில்லை.

“எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாத்தான் இருக்குது. வேற ஆளா இருந்தா சாயந்திரம் வரைக்கும் பாக்கலாம்னு சொல்லுவேன். இவருக்கு அது சரிப்படாது” என்றவர், மண்டி முதலாளியின் பிளஷர் காருக்கு அப்போதே ஆள் அனுப்பினார்.

விழுப்புரத்தில் அன்றைக்கே ஆபரேஷன் நடந்தது. குடல்வால் வெடிக்கிற நிலையில் இருந்ததாம். அதைக் கேட்டு நான் வராந்தாவில் உட்கார்ந்து அழுத அழுகையில் வார்டே எட்டிப் பார்த்தது.

கண் விழித்ததும் வீங்கிக் கிடந்த என் முகத்தைப் பார்த்து, “இன்னா, பயந்துட்டியா?” என்று கேட்டார்.

“லேசா” என்றேன்.

தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார், பாவம்.

இன்றைக்கும் அவர் ‘லேசா’ என்று ஆரம்பித்தால், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறேன். ஒருவரோடு வாழ்வது என்றால் அவருடைய ‘லேசா’ எவ்வளவு என்று தெரிந்துவைத்திருப்பதுதான் என்பதை, அந்த டாக்டர் கேட்ட ஒரு கேள்வியில்தான் நான் புரிந்துகொண்டேன்.